கருகிய இரண்டு வயர்: வீட்டு பேட்டரி பேங்கில் பேலன்சிங் போர்டு பொருத்தியது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நிலவரம்

சோலாரில் ஓடும் ஒரு வீட்டு பேட்டரி பேங்க். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 16, ஒவ்வொன்றும் 280 ஏஎச் (ஆம்பியர்-மணி), எல்லாம் ஒரே தொடர். பெயரளவு வோல்டேஜ் 51.2, கொள்ளளவு 14 கிலோவாட்-மணிக்குக் கொஞ்சம் மேல். எட்டு எட்டாக இரண்டு வரிசை. செல்களை இணைக்க வளையாத செப்பு பஸ்பார் (பட்டை), எம்6 ஸ்டட் (செல் முனையில் நிற்கும் 6 மில்லிமீட்டர் மரைத்தண்டு), 5 கிலோவாட் இன்வெர்ட்டர், ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து ஆபத்தென்றால் துண்டிக்கும் 200 ஆம்பியர் பிஎம்எஸ். பிஎம்எஸ்ஸுக்குள்ளேயே பேலன்சிங், அதாவது செல்களைச் சமப்படுத்தும் வேலை, உண்டு. ஆனால் அது செல்லுக்கு 100 மில்லிஆம்பியர்தான். கூடுதலாக நிரம்பிய செல்லிலிருந்து மின்சாரத்தை ரெசிஸ்டரில் வெப்பமாக்கிக் கழிக்கும் வகை.

வீட்டுக்காரரின் புகார் ஒன்றே ஒன்று: 9வது செல் மட்டும் தனி வழியில் போகிறது. பகலில் சார்ஜ் ஏறும்போது பிஎம்எஸ் செயலியில் அந்த செல் மற்றவற்றைவிட 30 மில்லிவோல்ட் உயரத்தில் நிற்கும். சார்ஜர் 57.6 வோல்ட்டில், அதாவது செல்லுக்கு 3.60 வோல்ட்டில் வைக்கப்பட்டிருந்தது. பிஎம்எஸ் கதவை மூடும் அளவு 3.65. இடையில் இருப்பது 50 மில்லிவோல்ட் இடைவெளி. அதில் 30ஐ 9வது செல் ஏற்கெனவே தின்றுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அடிக்கடி பேட்டரி நிரம்பும் முன்பே சார்ஜ் நின்றது.

அவர் போய் எட்டு செல்லுக்கான ஆக்டிவ் பேலன்சிங் போர்டு (உயர்ந்த செல்லிலிருந்து எடுத்துத் தாழ்ந்த செல்லுக்குக் கொடுக்கும் வகை) இரண்டு வாங்கிவந்து, தெரிந்த ஒருவரை வைத்துப் பொருத்திக்கொண்டார். முதல் போர்டு 1 முதல் 8 வரை, இரண்டாவது 9 முதல் 16 வரை. மூன்று வாரம் ஓடியது. ஒரு மாலையில் வாட்டர் ஹீட்டரும் மோட்டாரும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய 80 ஆம்பியர் லோடில், பிஎம்எஸ் மொத்தமாக அணைந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பெட்டியைத் திறந்தால் இரண்டாவது போர்டின் இரண்டு வயர்கள் உருகிக் கிடந்தன.

நான் பார்க்கப் போனபோது முடிவு கிட்டத்தட்ட எடுக்கப்பட்டிருந்தது. "போர்டுதானே போச்சு, வேற நல்ல போர்டா வாங்கி மாட்டிடலாமா அண்ணே?"

கருகலைப் படித்தது

பேலன்சர் வயர் கருகினால் முதலில் வரும் சந்தேகம் உரசல். பஸ்பாரின் ஓரத்தில் வயரின் உறை கிழிந்து ஷார்ட் ஆகியிருக்கும் என்போம். அப்படி நடந்திருந்தால் தொட்ட இடத்தில் செம்பு உருண்டு திரண்டிருக்கும், பஸ்பாரில் பொறி அடித்த குழி இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. இரண்டு வயரின் உறையும் லக்கில் (வயர் நுனியில் ஸ்டட்டில் மாட்டும் உலோக வளையம்) தொடங்கி போர்டின் கனெக்டர் வரை ஒரே சீராக வழிந்திருந்தது. முழு நீளத்திலும் ஒரே மின்னோட்டம் ஓடியிருக்கிறது. கருகியவை அடுத்தடுத்த வயர்கள், 9வது செல்லின் இரண்டு முனைக்கும் போனவை. போர்டில் அந்த ஒரு சேனலின் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்) இரண்டும் வெடித்திருந்தன. மற்ற ஏழு சேனலும் அப்படியே இருந்தன.

சரி, போர்டே உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால்? அதையும் தள்ளிவிட முடியாது. பயன்படுத்தியது 22 கேஜ் வயர். அதன் தடை மீட்டருக்கு 53 மில்லிஓம். போக அரை மீட்டர், வர அரை மீட்டர். சுற்றில் 53 மில்லிஓம். 3.3 வோல்ட்டை அதால் வகுத்தால் 62 ஆம்பியர். இந்த கேஜ் செப்புக் கம்பி 40 ஆம்பியர் சுமாரிலேயே உருகிவிடும். ஆக, போர்டு ஷார்ட் ஆனாலும் வயர் இதேபோல்தான் கருகும். கருகிய வயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாத இடம் இது.

பிஎம்எஸ் பதிவு உதவிக்கு வந்தது. அணைந்ததற்கான காரணம் என்று அதில் இருந்தது "9வது செல், குறை வோல்டேஜ்". பதிவான அளவு 0. அதே நொடியில் மொத்த பேக் வோல்டேஜ் 51லிருந்து 42 சுமாருக்கு விழுந்திருந்தது. இங்கேதான் போர்டு குற்றவாளி இல்லை என்று தெரிந்தது. 280 ஏஎச் செல்லின் உள் தடை 0.2 மில்லிஓம் அளவில் இருக்கும். போர்டு ஷார்ட் ஆகி 62 ஆம்பியர் இழுத்தால்கூட அந்த செல்லுக்கு அது கொசுக்கடி. 15 மில்லிவோல்ட்கூட இறங்காது. பூஜ்யத்துக்கு இறங்க வழியே இல்லை. செல் இறங்கவில்லை, செல்லுக்கும் பஸ்பாருக்கும் இருந்த தொடர்பு அறுந்திருக்கிறது.

80 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் ஒரு மூட்டு கணநேரம் திறந்துகொண்டால் என்ன ஆகும்? இன்வெர்ட்டர் இழுப்பதை நிறுத்தாது. 8வது செல்லைத் தாண்டி 9க்குள் நுழைய வழி அடைந்துபோனதும் மின்னோட்டம் பக்கத்துச் சந்து ஒன்றைத் தேடும். அந்தச் சந்து பேலன்சர் வயர். 8இன் பாசிட்டிவில் மாட்டிய வயர் வழியாக போர்டுக்குள் போய், 9வது சேனலின் இரண்டு மாஸ்ஃபெட்டிலும் இயல்பாகவே உள்ள டயோடு வழியாகப் பின்பக்கமாகக் கடந்து, அடுத்த வயரில் 9இன் பாசிட்டிவுக்கு வந்து சேரும். 9வது செல்லை ஒதுக்கிவிட்டுப் போகும் பைபாஸ். கணக்கும் ஒத்துப்போகிறது: 9இன் 3.2 வோல்ட் போச்சு, டயோடுகளில் 1.4 போச்சு, வயரில் 80 ஆம்பியருக்கு 4 வோல்ட்டுக்கு மேல் போச்சு. மொத்தம் 9 வோல்ட். 51லிருந்து 42. அரைமீட்டர் வயர் இரண்டில் 300 வாட்டுக்கு மேல் வெப்பம். பிஎம்எஸ் குறை வோல்டேஜுக்குச் சில விநாடி பொறுத்துத்தான் துண்டிக்கும். வயர் கருக அந்தச் சில விநாடி போதும்.

பிஎம்எஸ் துண்டித்ததால்தான் அது வயரோடு நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

9வது செல்லில் நோயே இல்லை

அடுத்த கேள்வி, அந்த மூட்டு எப்போதிலிருந்து கெட்டிருந்தது என்பது. பழைய பதிவுகளைப் புரட்டினேன். பேலன்சர் வருவதற்கு முன்பு, 50 ஆம்பியரில் சார்ஜ் ஏறும்போது 9வது செல் மற்றவற்றைவிட 30 மில்லிவோல்ட் மேலே. சரி, இது எல்லோரும் பார்த்தது. யாரும் பார்க்காதது இன்னொன்று: 50 ஆம்பியரில் டிஸ்சார்ஜ் ஆகும்போது அதே செல் 30 மில்லிவோல்ட் கீழே. இரவு லோடு ஏறக்குறைய இல்லாத நேரத்தில் மற்ற செல்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

உண்மையிலேயே அதிகம் நிரம்பிய செல் இப்படி நடந்துகொள்ளாது. இந்த வேதியியலில் சார்ஜ் நடுவில் இருக்கும்போது வோல்டேஜ் வளைவு தட்டையாகத்தான் கிடக்கும், 3.2க்கும் 3.35க்கும் நடுவில் ஐந்து சதவீத வித்தியாசம்கூட சில மில்லிவோல்ட்தான் காட்டும். உச்சியில், 3.4ஐத் தாண்டிய பிறகுதான் வித்தியாசம் விரியும். மின்னோட்டத்தோடு சேர்ந்து ஏறி, திசை மாறினால் தானும் திசை மாறி, மின்னோட்டம் நின்றால் மறைந்துவிடும் வித்தியாசம் என்றால் அது தடை. 30 மில்லிவோல்ட்டை 50 ஆம்பியரால் வகுத்தால் 0.6 மில்லிஓம். செல்லின் உள் தடையைப் போல மூன்று மடங்கு.

செல்லில் இவ்வளவு தடை கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அதனால் அளந்து பார்த்தோம். பேலன்சர் இரண்டையும் கழற்றிவிட்டு, பிஎம்எஸ் காட்டும் 16 அளவையும் மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு அது கெடாமல் சரியாகவே அளக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, 1 கிலோவாட் ஹீட்டரை மட்டும் போட்டோம். 20 ஆம்பியர். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஒரு செல்லின் ஸ்டட் தலையிலும் மறுமுனையை அடுத்த செல்லின் ஸ்டட் தலையிலும் வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தோம். எல்லா இடத்திலும் 1.5 மில்லிவோல்ட் சுமார். 8க்கும் 9க்கும் நடுவில் 18. அதாவது 0.9 மில்லிஓம், 80 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு நட்டுக்கடியில் கிட்டத்தட்ட 6 வாட் வெப்பம்.

பேட்டரியை முழுக்கத் தனிமைப்படுத்திய பிறகு அந்த நட்டைக் கழற்றினால், ஸ்பேனரில் எதிர்ப்பே இல்லை. 8க்கும் 9க்கும் நடுவில்தான் வரிசை திரும்புகிறது. அங்கே போட்டிருந்தது நீளமான, வளையாத பஸ்பார். செல்கள் சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் உப்பும், இறங்கும்போது சுருங்கும். அந்த அசைவெல்லாம் அந்த மூட்டின் தலையில் விழுந்திருக்கிறது. அதோடு அந்த ஒரு ஸ்டட்டில் மட்டும் பிஎம்எஸ் வயரின் லக், முதல் போர்டின் கடைசி லக், இரண்டாவது போர்டின் முதல் லக் என்று மூன்று லக். மூன்றுமே பஸ்பாருக்குக் கீழே, செல் முனைக்கும் பஸ்பாருக்கும் நடுவில். பஸ்பார் செல்லின் அலுமினிய முனை மேல் உட்காரவில்லை. மூன்று மெல்லிய வளையங்கள் மேல் சாய்ந்து நின்றது. உயரம் கூடியதால் நட்டுக்குக் கிடைத்த மரையும் குறைவு. முனையில் வெள்ளை பூத்த ஆக்சைடு, பஸ்பாரின் அடியில் ஒரு பக்கம் மட்டும் வெப்பத்தில் நிறம் மாறிய பிறை.

ஆரம்பத்தில் கட்டியவர் பிஎம்எஸ் லக் ஒன்றைக் கீழே வைத்திருக்கிறார். அதுதான் பழைய 0.6. பேலன்சர் பொருத்தியவர் அதைப் பார்த்து அதன் மேலேயே இரண்டை அடுக்கியிருக்கிறார். மற்ற 16 இடத்திலும் லக் பஸ்பாருக்கு மேலேதான் இருந்தது. வயர்களுக்கு எண் ஒட்டி, வரிசையாகக் கட்டி, வேலை பார்க்க நேர்த்தியாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரியும் நேர்த்தியை நட்டின் அடியில் யாரும் தேடுவதில்லை.

போர்டு மூன்று வாரம் என்ன செய்தது

இது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். கருகல் நடக்காமலே இருந்திருந்தாலும் இந்த பேட்டரி கெட்டுக்கொண்டுதான் இருந்தது.

போர்டு மின்தேக்கி வகை. மேல் அட்டையில் 5 ஆம்பியர் என்று இருக்கும். இரண்டு செல்லுக்கும் நடுவே 1 வோல்ட் வித்தியாசம் இருந்தால்தான் அந்த 5. வித்தியாசம் குறையக் குறைய மின்னோட்டமும் குறையும். 30 மில்லிவோல்ட்டுக்கு 0.15 ஆம்பியர். 10 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இந்த போர்டு வேலையே செய்யாது. அதற்கு உண்மையான வித்தியாசமும் மூட்டுத் தடையால் வரும் பொய் வித்தியாசமும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்கும் மூளை கிடையாது. எந்த நேரமும் ஓடும்படி விட்டிருந்தார்கள்.

பகலில் 50 ஆம்பியர் ஏறும்போது 9 உயரமாகத் தெரிகிறது. போர்டு அதிலிருந்து எடுத்துப் பக்கத்து செல்களுக்குக் கொடுக்கிறது. ஐந்து மணி நேரத்தில் 0.75 ஏஎச். இரவில் திசை மாறும், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று தோன்றும். ஆனால் இரவு லோடு பெரும்பாலும் 10 ஆம்பியர். அதற்கு 9 காட்டும் வித்தியாசம் 6 மில்லிவோல்ட். போர்டு அதைக் கண்டுகொள்ளாது. எடுப்பது நடக்கிறது, கொடுப்பது நடக்கவில்லை. மூன்று வாரத்தில் 15 ஏஎச் சுமார். சரியாக இருந்த செல்லை ஐந்து சதவீதம் பின்தங்க வைத்தது பேலன்சர்தான். மூட்டைச் சரிசெய்து சார்ஜ் ஏற்றிப் பார்த்தபோது, மற்ற செல்கள் 3.5ஐத் தாண்டி ஏறும்போது 9 இன்னும் 3.36இல் நின்றது. முன்பு "உயரமான" செல், இப்போது பேக்கிலேயே தாழ்ந்த செல்.

இரண்டு எட்டு-செல் போர்டு வைப்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் போர்டு 1–8ஐத் தங்களுக்குள் சமப்படுத்தும், இரண்டாவது 9–16ஐ. ஆனால் இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் இல்லை. 8இலும் 9இலும் வித்தியாசம் வளர்ந்தால் இரண்டு போர்டுக்கும் அது கண்ணில் படாது. 16 செல்லுக்கு 16 செல் போர்டுதான் வாங்க வேண்டும்.

மறுபடி பொருத்தியது

புது போர்டுக்கு முன்னால் இரண்டு வேலை. மூட்டுகளைச் சரிசெய்வது, 9வது செல்லுக்கு 15 ஏஎச் திருப்பிக் கொடுப்பது. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

தனிமைப்படுத்துவதில் முதலில் சோலார் பேனல் ஐசொலேட்டர் (துண்டிக்கும் சுவிட்ச்), பிறகு லோடு, இன்வெர்ட்டர், கடைசியாக பேட்டரி பிரேக்கர், அப்புறம் மெயின் ஃபியூஸைக் கழற்றி வேறு அறையில் வைத்தோம். பேனல் இணைப்பில் இருக்கும்போது பேட்டரியை உருவினால் பல சார்ஜ் கன்ட்ரோலர்கள் அதிலேயே அடிபட்டுப்போகும். பிரேக்கரை அணைத்தாலும் செல்கள் அணைவதில்லை என்பதைக் கூட இருந்தவர்களுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிஎம்எஸ்ஸும் ஃபியூஸும் பேக்குக்கு வெளியே போகும் மின்னோட்டத்தைத்தான் காக்கும். ஸ்பேனர் நழுவி இரண்டு பஸ்பார் மேல் விழுந்தால் நடுவில் தடுக்க எதுவுமே இல்லை. ஆயிரக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பேனரில் போகும். 50 சொச்சம் வோல்ட் உடம்பைத் தூக்கியடிக்காது என்ற தைரியத்தில்தான் பலர் மோதிரத்தோடு கை வைக்கிறார்கள். பயப்பட வேண்டியது ஷாக்குக்கு இல்லை, தீப்பொறிக்கும் உருகும் உலோகத்துக்கும்.

மோதிரம், வாட்ச், சங்கிலி வெளியே. கண்ணாடி போட்டுக்கொண்டோம். ஸ்பேனரின் வாய் தவிர மற்றதெல்லாம் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) போர்த்தியது. மல்டிமீட்டர் முனையின் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு மீதிக்கும் அதே குழாய். மீட்டரின் சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டோம். முன்பு மின்னோட்டம் அளந்துவிட்டு மாற்றாமல் விட்ட வயரோடு செல்லைத் தொட்டால் அது வெறும் ஷார்ட். வேலை நடக்கும் இரண்டு முனை தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் ரப்பர் விரிப்பு.

ஒவ்வொரு பஸ்பாரையும் கழற்றி, செல் முனையையும் பஸ்பாரின் அடியையும் நைலான் தேய்ப்பானால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஆக்சைடு தடுக்கும் பசையை மெலிதாகத் தடவி உடனே மூடினோம். அலுமினியம் காற்றில் மறுபடி ஆக்சைடு பூக்க அதிக நேரம் எடுக்காது. நட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) 5 நியூட்டன்-மீட்டருக்கு இறுக்கினோம். எம்6 ஸ்டட் உள்ள இத்தகைய செல்களுக்கு 4 முதல் 6 வழக்கம். செல் தயாரித்தவர் வேறு சொல்லியிருந்தால் அதுதான் சரி. கை பலத்தை நம்பி இறுக்கினால் அலுமினிய மரை கழன்றுகொள்ளும், பிறகு அந்த முனைக்கு வைத்தியம் கிடையாது. வரிசை திரும்பும் இடத்தில் வளையாத பஸ்பாருக்குப் பதில் பின்னல் செம்பாலான வளையும் இணைப்பு. பிஎம்எஸ் லக்குகள் எல்லாம் பஸ்பாருக்கு மேலே வந்தன. பேலன்சர் லக்குகளுக்கு பஸ்பாரிலேயே தனியாக எம்4 துளை போட்டோம், பஸ்பாரைப் பேட்டரியிலிருந்து கழற்றி வெளியே வைத்துத்தான். செல்லின் மேலே துளையிட்டு செப்புத் தூளைக் கொட்டிவிட்டு அப்புறம் ஊதிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. மெயின் நட்டுக்கும் பேலன்சருக்கும் இனி சம்பந்தமே இல்லை.

மறுபடி 1 கிலோவாட் ஹீட்டர். 8–9 மூட்டில் இப்போது 1.6 மில்லிவோல்ட்.

9வது செல்லை நிரப்ப போர்டை நம்பவில்லை. 15 ஏஎச்சை பிஎம்எஸ்ஸின் 100 மில்லிஆம்பியரால் சரிக்கட்டுவது என்றால், ஒவ்வொரு நாளும் உச்சியில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் 0.05 ஏஎச், பல மாதம் ஆகும். ஆக்டிவ் போர்டுக்கும் நாள்கணக்கில் பிடிக்கும். வோல்டேஜ் சரிசெய்யக்கூடிய பவர் சப்ளை ஒன்று இருந்தால் ஒரு மதியத்து வேலை. பேட்டரி மெயினிலிருந்து கழன்றிருக்க, மற்ற செல்கள் நிரம்பியிருக்க, பவர் சப்ளையை எதிலும் இணைக்காமலே 3.45 வோல்ட்டுக்கு வைத்து, மீட்டரில் உறுதி செய்து, பிறகு 10 ஆம்பியர் வரம்போடு 9இன் முனைகளில் மாட்டினோம். இணைத்த பிறகு வோல்டேஜ் குமிழைத் தொடக்கூடாது. வயரில் இறங்கும் வோல்டேஜைப் பார்த்து "ஏறவில்லையே" என்று திருகுபவர்கள்தான் செல்லை உப்ப வைப்பவர்கள். முடியும்வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஃபியூஸ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 16 செல்லுக்கு 17 வயர், 17 ஃபியூஸ், ஒவ்வொன்றும் செல் பக்கத்து முனையில், லக்கிலிருந்து சில சென்டிமீட்டரில். போர்டுப் பக்கத்தில் வைத்த ஃபியூஸ் போர்டைக் காக்கும், வயரைக் காக்காது. அடுத்தடுத்த இரண்டு வயர் ஒட்டிக்கொண்டால் 62 ஆம்பியர் என்று பார்த்தோம். முதல் வயரும் கடைசி வயரும் ஒட்டிக்கொண்டால் அதே வயர் நீளத்தில் 50 வோல்ட், ஆயிரம் ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. புது போர்டின் உச்ச மின்னோட்டம் 2 ஆம்பியர். ஃபியூஸ் 3 ஆம்பியர். ஆம்பியரை எல்லோரும் பார்ப்பார்கள், வோல்ட்டைப் பார்க்க மாட்டார்கள். 3.3 வோல்ட் செல்தானே என்று கார் ஃபியூஸை மாட்டுவார்கள். வழக்கமான கார் ஃபியூஸின் அளவு 32 வோல்ட். இந்த வீட்டில் நடந்ததுபோல மூட்டு திறந்துகொண்டால், அறுந்த ஃபியூஸின் இரு முனைக்கும் நடுவே கிட்டத்தட்ட முழு பேக் வோல்டேஜும் வந்து நிற்கலாம். 60க்கு மேல் டிசி அளவு அச்சிட்ட ஃபியூஸ்தான் வேண்டும். கண்ணாடி ஃபியூஸில் இருக்கும் 250 வோல்ட் ஏசிக்கு, டிசிக்கு அதை நம்பக்கூடாது.

இந்த ஃபியூஸ் அன்றைக்கு இருந்திருந்தால் மூட்டு திறந்ததும் அது அறுந்து, பிஎம்எஸ் அணைந்து, கருகல் இல்லாமல் முடிந்திருக்கும். மூட்டு மட்டும் கெட்டேதான் இருந்திருக்கும்.

வயர்களை க்ரிம்ப் செய்து (லக்கை வயரின் மேல் நசுக்கிப் பிடிக்க வைத்து) ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, பஸ்பார் ஓரத்தைத் தொடாமல் பிளாஸ்டிக் கால்வாயில் கொண்டுபோனோம். போர்டு செல்களின் மேல் இல்லை. பக்கத்துச் சுவரில், எரியாத தகட்டில், காற்று ஓடும்படி. போர்டில் கனெக்டரை இன்னும் சொருகவில்லை. முதலில் கனெக்டரில் 0வது முனையிலிருந்து, அதாவது 1வது செல்லின் நெகட்டிவிலிருந்து, ஒவ்வொன்றாக அளந்தோம்: 3.3, 6.6, 9.9 என்று 52.8 வரை படிப்படியாக ஏற வேண்டும். பிறகு அடுத்தடுத்த முனைகளுக்கு நடுவே, எங்கும் 3.3. உதாரணமாக 5ம் 6ம் இடம் மாறியிருந்தால் 4–5இல் 6.6, 5–6இல் எதிர்மறையாக 3.3, 6–7இல் மறுபடி 6.6 என்று காட்டிக்கொடுத்துவிடும். அப்படியே சொருகினால் போர்டு அந்த நொடியே போய்விடும்.

இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் இல்லாத மாதிரிதான். ஒரே ஒரு இழையில் தொங்கும் க்ரிம்ப்கூட அதற்கு 3.3 காட்டும். 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அடுத்தடுத்த முனைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு அளந்தால் 0.33 ஆம்பியர் ஓடும். வயரும் ஃபியூஸும் சேர்ந்து 35 முதல் 40 மில்லிவோல்ட் இறங்கும்; எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. 11–12இல் 160, 12–13இலும் 160க்குப் பக்கம். பொதுவான வயர் 12. வெளியே பார்க்க அருமையான க்ரிம்ப். லக்கை வெட்டிப் பார்த்தால் உறையின் மேலேயே கடித்திருந்தது. மாற்றியதும் 37.

பிஎம்எஸ்ஸுக்குத் தனி வயர், பேலன்சருக்குத் தனி வயர் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. ஒரே வயரில் 2 ஆம்பியரும் ஓடி அதிலேயே அளவும் எடுத்தால் பிஎம்எஸ் பார்ப்பது செல்லை இல்லை, வயர் இறக்கத்தை. பின்னால் எப்போதாவது செயலியில் ஒரு செல் 4 வோல்ட், பக்கத்து செல் 2.6 என்று வந்து, இரண்டின் கூட்டுத்தொகை மட்டும் சரியாக இருந்தால், செல்லைக் கழற்ற ஓட வேண்டாம்; இரண்டுக்கும் பொதுவான வயர் விட்டுப்போயிருக்கிறது.

அமைப்பும் அதன் பின்னும்

புது போர்டுக்கு இயக்க-நிறுத்த முனை இருந்தது. அதை பிஎம்எஸ்ஸின் ரிலேயோடு இணைத்து, ஏதாவது ஒரு செல் 3.42ஐத் தாண்டினால் மட்டும் ஓடும்படி வைத்தோம். தட்டையான பகுதியில் சமப்படுத்துகிறேன் என்று போர்டு அலைவது அதோடு நின்றது. சார்ஜரை 57.6லிருந்து 55.2 வோல்ட்டுக்கு இறக்கினோம், செல்லுக்கு 3.45. அங்கே அரை மணி நேரம் பிடித்துவிட்டு 53.6க்கு வரும். 3.45க்கும் 3.60க்கும் நடுவில் கிடைக்கும் கொள்ளளவு சொற்பம், அதற்காக பிஎம்எஸ்ஸின் வாசலில் போய் நிற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக்காரர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பேட்டரி முழுதாக நிரம்பாது என்று நினைத்தார். முன்பு 57.6 என்று வைத்தும் நிரம்பாமல்தான் நின்றது என்றதும் சரி என்றார்.

மறு இணைப்பில் இன்வெர்ட்டரின் மின்தேக்கிகள் வெறுமையாக இருக்கும். பிரேக்கரை நேராகப் போட்டால் தீப்பொறி, சில நேரம் பிஎம்எஸ் அதை ஷார்ட் என்று நினைத்து அணையும். ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சில விநாடி நிரப்பிவிட்டுத்தான் பிரேக்கரைப் போட்டோம். பேட்டரி முதலில், பேனல் கடைசியில்.

முதல் முழு சார்ஜில் 50 ஆம்பியர் ஏறும்போது 16 செல்லுக்கும் நடுவே அதிகபட்ச வித்தியாசம் 8 மில்லிவோல்ட். 3.45இல் அரை மணி முடிந்தபோது 12. போர்டு அன்றைக்கு ஓடியது அந்த அரை மணிதான்; கையை வைத்தால் லேசான சூடு. மாலையில் ஹீட்டரும் மோட்டாரும் சேர்த்து ஓடவிட்டு 80 ஆம்பியரில் எல்லா மூட்டையும் மறுபடி மில்லிவோல்ட்டில் பார்த்தோம். 8–9 உட்பட எல்லாம் 6 சுமார். சில வாரம் கழித்து நட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லியிருந்தேன். இரண்டு நட்டு கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்ததாகச் சொன்னார். வரிசைக்குள் இருக்கும் மற்ற 14 இணைப்பும் இன்னும் வளையாத பஸ்பார்தான். அவற்றையும் பின்னல் செம்புக்கு மாற்றும் வரை மூட்டுகளை இதேபோல் லோடில் அளந்து, எண்களைப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் எழுதி வைப்பதாக ஏற்பாடு.